கைமாற்றில் வளர்ந்த ஊர்: கான்கார்டும் அதன் மனிதர்களும்

1842 செப்டம்பர் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சின்னப் படகு 7 டாலருக்குக் கைமாறியது. விற்றவருக்கு வயது 25. பென்சில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, நிலையான வேலை கிடையாது. வாங்கியவர் அந்த ஊருக்குக் குடிவந்து இரண்டு மாதம்கூட நிறையாத புது மாப்பிள்ளை. படகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, எப்படித் திருப்பினாலும் வேறு பக்கம் போனது. விற்றவரே துடுப்புப் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்.

விற்றவர் ஹென்றி டேவிட் தோரோ, வாங்கியவர் நத்தானியல் ஹாத்தார்ன். தோரோவுக்கு அது வெறும் படகு அல்ல. அவரும் அண்ணன் ஜானும் சேர்ந்து தங்கள் கையால் செய்தது. 1839இல் இருவரும் அதில்தான் ஆற்றுப் பயணம் போனார்கள். 1842 ஜனவரியில் சவரக்கத்தி பட்டு ஜானின் விரலில் சிறு காயம் ஏற்பட்டது. அது ரண ஜன்னியாக மாறி, தம்பியின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. படகை விற்றபோது அண்ணன் போய் எட்டு மாதம்கூட ஆகவில்லை.

ஊர் கான்கார்ட். பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். அன்றைய மக்கள்தொகை 2,000 சொச்சம், நம் கணக்கில் ஒரு கிராமம். அங்கே ஒரே காலத்தில், நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்குள் கட்டுரையாளர்கள் எமர்சன், தோரோ, நாவலாசிரியர்கள் ஹாத்தார்ன், லூயிசா மே ஆல்காட் ஆகியோர் வாழ்ந்தார்கள். அமெரிக்க இலக்கியத்தை யார் படிக்கத் தொடங்கினாலும் இந்த நான்கு பெயர்களைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நால்வரில் கான்கார்டில் பிறந்தவர் தோரோ ஒருவர்தான். எமர்சன் பாஸ்டனில் பிறந்தவர். ஹாத்தார்ன் சேலத்துக்காரர் (நம் சேலம் அல்ல, கடலோர மாசசூசெட்ஸில் உள்ள சேலம்). லூயிசா பிறந்தது பென்சில்வேனியாவில். மண் பெற்றெடுத்ததைவிட வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களே அதிகம். அப்படியென்றால் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஏன் அங்கே வந்தார்கள்? வருமானமே சரியாக இல்லாத எழுத்துக்காரர்களால் அங்கே எப்படித் தங்க முடிந்தது? படித்துப் பார்த்தவரை எனக்குத் தெரிகிற பதில், கைமாற்று. வீடு, நிலம், பணம், கோடரி, படகு, புத்தகம் எல்லாமே அந்த ஊரில் கைமாறிக்கொண்டே இருந்தன.

ஊரின் பழங்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலேயக் குடியேறிகள் 1635இல் அமைத்த ஊர் இது. அதற்கு முன் அங்கிருந்த பூர்வகுடிகள் அந்த இடத்தை மஸ்கெட்டாகிட் என்று அழைத்தார்கள். புல் மண்டிய சமவெளி என்பது பொருள். தோரோ தன் படகுக்கு வைத்திருந்த பெயரும் அதுதான். 1775 ஏப்ரல் 19 அன்று ஊரின் வடக்குப் பாலத்தில் உள்ளூர் விவசாயிகள் பிரிட்டிஷ் சிப்பாய்களை எதிர்த்துச் சுட்டார்கள். அதே நாளில் லெக்சிங்டனிலும் இங்கும் நடந்த மோதல்களிலிருந்துதான் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்குகிறது. பாலத்துக்குப் பக்கத்திலேயே ஊர்ப் பாதிரியாரின் வீடு இருந்தது. அந்தப் பாதிரியார் எமர்சனின் தாத்தா. அந்த வீட்டுக்கு இன்று ஓல்டு மான்ஸ் என்று பெயர்.

1834இல் எமர்சன் அந்தத் தாத்தா வீட்டுக்குத்தான் வந்து தங்கினார். 31 வயது. முதல் மனைவி எல்லன் காசநோயில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பாதிரியார் வேலையையும் விட்டுவிட்டார். அடுத்த வருடம் மறுமணம் செய்துகொண்டு ஊரிலேயே சொந்த வீடு வாங்கினார். எல்லனின் சொத்திலிருந்து அவருக்கு வருடத்துக்குச் சுமார் 1,200 டாலர் வந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வயதில் இறந்துபோன ஒரு பெண்ணின் பணம் அது. கான்கார்டைப் பற்றிய பெருமைப் பேச்சில் எல்லனின் பெயர் வருவதே இல்லை. ஆனால் அந்த 1,200 டாலர் இல்லையென்றால் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் எமர்சன் அதைத் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தோரோவைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்துகொடுத்து, மாடிப்படி ஏறியதும் உள்ள சின்ன அறையில் தோரோ வருடக்கணக்கில் இருந்தார். எமர்சனின் நூலகம் முழுவதும் அவருக்குத் திறந்தே கிடந்தது. பகவத்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு எமர்சனிடம் வந்தபோது தோரோவும் அதை எடுத்துப் படித்தார். பிரான்சன் ஆல்காட் என்ற ஏழை ஆசிரியரின் குடும்பம் 1845இல் ஊரில் வீடு வாங்கியபோது எமர்சன் 500 டாலர் போட்டார். ஹாத்தார்ன் தம்பதி குடிவந்ததும் அதே ஓல்டு மான்ஸ் வீட்டுக்குத்தான், வருட வாடகை 100 டாலர். அவர்கள் வருவதற்கு முன்பே தோரோ போய் நிலத்தைக் கொத்திக் காய்கறித் தோட்டம் போட்டு வைத்திருந்தார், கல்யாணப் பரிசாக. இளம் தம்பதி மோதிரத்து வைரத்தால் ஜன்னல் கண்ணாடியில் கீறிவைத்த வரிகளை அந்த வீட்டில் இன்றும் படிக்கலாம்.

1844இல் எமர்சன் வால்டன் குளத்தங்கரையில் நிலம் வாங்கினார். மறு வருடம் அங்கே தோரோ குடிசை போட்டார். முதலில் வேண்டியது கோடரி. அதையும் இரவல்தான் வாங்கினார், வாங்கியதைவிடக் கூர்மையாகத் தீட்டித் திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். அந்த வருடங்களில்தான் ஊருக்கு ரயில் பாதை போட்டு முடித்திருந்தார்கள். அதில் வேலை செய்த ஓர் அயர்லாந்துத் தொழிலாளியின் கொட்டகையை 4 டாலர் 25 சென்ட் கொடுத்து வாங்கி, பலகைகளைப் பிரித்து வண்டியில் கொண்டுவந்து வெயிலில் காயவைத்தார். பத்தடிக்குப் பதினைந்தடி அறை. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். அரை சென்ட்டைக்கூட விடாமல் கணக்கு எழுதியிருக்கிறார். 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை, இரண்டு வருடம் இரண்டு மாதம் இரண்டு நாள் அங்கே இருந்தார். அந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த ‘வால்டன்’ 1854இல் அச்சானது.

தோரோவைக் காட்டுக்குள் போன சாமியாராகவே பலரும் நினைக்கிறார்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த தொழில்கள் இருந்தன. அவர் நில அளவைக்காரர். 61 ஏக்கர் வால்டன் குளத்தைப் பனி உறைந்த காலத்தில் கயிறு விட்டு அளந்து, மிக ஆழமான இடம் 102 அடி என்று கண்டுபிடித்தார். அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய பென்சில் வேலை. அமெரிக்காவின் முதல் பென்சில்களை 1812இல் வில்லியம் மன்ரோ செய்ததே கான்கார்டில்தான். தோரோவின் அப்பாவும் அந்தத் தொழிலில் இறங்கினார். அந்தக் கால அமெரிக்கப் பென்சில் எழுதினால் பிசுக்கென்று இழுக்கும், பட்டென்று உடையும். கிராஃபைட் பொடியை மெழுகு, பசை மாதிரியான பொருள்களோடு குழைத்ததுதான் காரணம். தோரோ பொடியோடு களிமண்ணைச் சேர்த்துச் சுட்டுப் பார்த்தார். ஐரோப்பாவில் நல்ல பென்சில் செய்த முறை அது. களிமண் கூடினால் பென்சில் கெட்டியாகும், குறைந்தால் மென்மையாகும். பொடி இன்னும் நைசாக வரவேண்டும் என்று ஒரு அரவை எந்திரத்தையும் வடிவமைத்தார். அரைபடும்போது மேலே பறக்கிற மெல்லிய தூள் மட்டும் உயரமான பெட்டியின் மேல்தட்டில் போய்ப் படியும், கரடுமுரடானது கீழேயே விழுந்து திரும்ப அரைபடும். நாட்டிலேயே நல்ல பென்சில் தோரோ வீட்டுப் பென்சில்தான் என்று பெயர் வாங்கியது. அவருடைய முதல் புத்தகம், அண்ணனோடு போன அந்தப் படகுப் பயணத்தின் கதை, 1,000 பிரதி அச்சாகி 706 பிரதி விற்காமல் திரும்பி வந்தது. அத்தனையையும் தன் முதுகில் சுமந்து மாடியில் கொண்டுபோய் அடுக்கினார். பென்சில் விற்ற காசும் அந்த அச்சுக்கடனை அடைக்க உதவியது.

ஊர் அவரைக் கொண்டாடியதா என்றால் இல்லை. 1844 ஏப்ரலில் மீன் சுடப் போட்ட நெருப்பு காய்ந்த புல்லில் பற்றி சுமார் 300 ஏக்கர் காடு எரிந்துபோனது. காட்டை எரித்தவன் என்ற பேச்சு வெகுநாள் காதில் விழுந்தது. அதே வருடம் ஆகஸ்டில் அடிமை ஒழிப்பு பற்றி எமர்சன் பேசுவதாக ஏற்பாடு. தேவாலயங்கள் இடம் தர மறுத்தன. ஊரைக் கூட்ட மணி அடிக்கவும் ஆள் முன்வரவில்லை. தோரோவே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்து மணியடித்தார். 1846 ஜூலையில், அடிமை முறையைக் காக்கும் அரசுக்கு வரி கட்டமாட்டேன் என்று மறுத்து ஓர் இரவு ஊர்ச் சிறையில் இருந்தார். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் காலை வெளியே அனுப்பினார்கள்.

அந்த ஓர் இரவிலிருந்து பிறந்த கட்டுரை 1849இல் வெளிவந்தது. காந்தி அதை தென்னாப்பிரிக்காவில் படித்து, 1907இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் அறிமுகப்படுத்தினார். தோரோவைப் படித்துத்தான் சத்தியாகிரகமே தொடங்கியது என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. ஜோகன்னஸ்பர்க்கில் எதிர்ப்பு உறுதிமொழி எடுத்தது 1906 செப்டம்பரிலேயே. கட்டுரை கைக்கு வருமுன்பே தன் போராட்டம் நன்றாக நடந்துகொண்டிருந்ததாகக் காந்தியே பின்னாளில் விளக்கியிருக்கிறார். தொடங்கிவிட்ட ஒன்றுக்குத் துணை கிடைத்தது என்று சொல்வதே நியாயம்.

ஆல்காட் குடும்பத்துக்கு வருவோம். பிரான்சன் பெரிய கனவுகள் கண்டவர். பாஸ்டனில் அவர் நடத்திய பள்ளியில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்ததற்காக மற்ற பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளை அனுப்பிவிட அவர் சம்மதிக்கவில்லை. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அதன் விலையில் பெரும்பங்கைக் கொடுத்தது மனைவியும் நான்கு பெண்களும். தையல், டீச்சர் வேலை, வீட்டு வேலை என்று இரண்டாவது மகள் லூயிசா எல்லாம் செய்து பார்த்தாள். 1858இல் அவர்கள் குடிபோன ஆர்ச்சர்டு ஹவுஸ் என்ற வீட்டில், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே அப்பா அவளுக்கு ஒரு மேசை செய்து பொருத்தினார். சுவரோடு ஒட்டிய அரைவட்டப் பலகை, அவ்வளவுதான். ஒரு நோட்டும் மைப்புட்டியும் வைத்தால் இடம் முடிந்துவிடும். 1868இல் ‘லிட்டில் விமன்’ நாவலின் முதல் பாகத்தை அந்தப் பலகையில்தான் எழுதினார். குடும்பத்தின் கடன் தீர்ந்தது அதற்குப் பிறகுதான். 1879இல் பள்ளிக் குழுத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க மாநிலச் சட்டம் வந்தபோது, கான்கார்டில் பெயரைப் பதிவு செய்த முதல் பெண்ணும் லூயிசாதான்.

அவருடைய தங்கை மே ஓவியர். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பையன் டர்னிப் கிழங்கைச் செதுக்கி உருவம் செய்வதைக் கேள்விப்பட்டு, தன்னிடமிருந்த களிமண் சிற்பக் கருவிகளை அவனுக்குக் கொடுத்தார், ஆரம்பப் பாடமும் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன் டேனியல் செஸ்டர் ஃப்ரெஞ்ச். 1875 ஏப்ரல் 19 அன்று, போரின் நூறாவது ஆண்டில், ஜனாதிபதி கிராண்ட் முன்னிலையில் வடக்குப் பாலத்தருகே ஒரு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. ஒரு கையில் துப்பாக்கி, இன்னொரு கை ஏரின் மேல். உழுதுகொண்டிருந்தவன் அப்படியே சண்டைக்குக் கிளம்புகிறான். மறுநாள்தான் அதைச் செய்தவருக்கு 25 வயது நிறைந்தது. வாஷிங்டனில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் லிங்கன் சிலையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், அதுவும் இவர் வடித்ததுதான். மேயின் கருவிகளிலிருந்து தொடங்கிய கை அது.

லெக்சிங்டன் சாலையில் இவர்களுக்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். எஃப்ரெய்ம் புல், தங்க ரேக்கு தட்டும் தொழிலாளி. ஐரோப்பியத் திராட்சை அந்த ஊர்ப் பனியைத் தாங்காமல் பட்டுப்போகும். கொஞ்சம் சீக்கிரம் பழுக்கிற, குளிரைத் தாங்குகிற கொடி ஒன்று வேண்டும். காட்டுத் திராட்சையின் விதையை முளைக்கவைத்து, நல்லதைத் தேர்ந்து, அதன் விதையை மறுபடி போட்டு, பல்லாயிரம் நாற்றுகளை வளர்த்துப் பார்த்துக் கழித்தார். 1849இல் ஒரு கொடி தேறியது. அதற்கு ஊரின் பெயரையே வைத்தார், கான்கார்ட் திராட்சை. முதலில் ஒரு கொடியை 5 டாலருக்கு விற்றார். ஆனால் கொடிக்குத்தான் குச்சி வெட்டி நட்டால் போதுமே. நர்சரிக்காரர்கள் வாங்கிய கொடிகளிலிருந்தே ஆயிரக்கணக்கில் பெருக்கி விற்றார்கள். செடிக்குக் காப்புரிமை தரும் சட்டம் அமெரிக்காவில் 1930இல்தான் வந்தது. அமெரிக்கக் கடைகளில் கருநீலத் திராட்சைச் சாறு, திராட்சை ஜெல்லி என்று விற்பதில் பெரும்பாலானது இவர் கண்டுபிடித்த பழம். 1895இல் முதியோர் இல்லத்தில் ஏழையாக இறந்தார். விதைத்தவன் இவன், அறுத்தவர்கள் வேறு என்ற பொருளில் அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.

கான்கார்டின் பெரிய மனிதர்கள் பட்டியலில் வெகுகாலம் விடுபட்டுப்போன பெயர் எல்லன் கேரிசன். 1823இல் அங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா சீசர் ராபின்ஸ் அடிமையாக இருந்தவர், விடுதலைப் போரில் போரிட்டவர். அப்பா அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர். அம்மா சூசன் ஊரின் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தில் இருந்தார், தோரோவின் அம்மாவும் எமர்சனின் மனைவியும் இருந்த அதே சங்கம். 1835இல் ஊரின் இருநூறாவது ஆண்டு ஊர்வலத்தில், பள்ளித்தோழியான ஒரு வெள்ளைச் சிறுமியோடு கைகோத்து எல்லன் நடந்தார், ஊரே வேடிக்கை பார்த்தது. வளர்ந்தபின் ஆசிரியராகி, விடுதலை பெற்ற அடிமைகளுக்குத் தென்மாநிலங்களில் எழுத்தறிவித்தார். 1866இல் கறுப்பினத்தவருக்கும் சம உரிமை தரும் குடிமை உரிமைச் சட்டம் வந்த சில வாரங்களிலேயே, பால்டிமோர் ரயில் நிலையத்தில் பெண்கள் காத்திருக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்தார். பிடித்து வெளியே தள்ளினார்கள். சட்டம் வேலை செய்கிறதா என்று பார்த்தே தீருவது என்று வழக்குப் போட்டார். வழக்கு வெல்லவில்லை. கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்காக எழ மறுத்தது 1955இல், இது அதற்கு 89 வருடம் முந்தியது. எல்லன் குடும்பத்தின் வீட்டை 2011இல் வடக்குப் பாலத்தருகே நகர்த்திக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இந்த ஊரோடு ஒரு தொடர்பு உண்டு, அது ஐஸ். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் குளங்களில் உறையும் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, 1833 முதல் இந்தியாவுக்கு அனுப்பினார். அதைச் சேமிக்கக் கட்டியதுதான் மெரினா எதிரே உள்ள ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். கீதை எமர்சனுக்கு ஊக்கம் தந்ததைப் பற்றி விவேகானந்தரே பேசியிருக்கிறார். 1847 குளிர்காலத்தில் நூறு ஆட்கள் வால்டனில் வந்து பனியை ஏர் கட்டி உழுது, சதுரம் சதுரமாகப் பெயர்ப்பதைத் தோரோ குடிசையிலிருந்து பார்த்தார். மதராஸில் வெயிலில் வேகும் மக்கள் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப்போகிறார்கள் என்று எழுதினார். காலையில் தான் கீதையில் மூழ்குவதையும் கூடவே சொல்லி, வால்டன் நீர் கங்கை நீரோடு கலப்பதாக முடிக்கிறார். ஆனால் அந்த வருடம் வெட்டிக் குவித்த ஐஸில் பெரும்பகுதி எங்கும் போகவில்லை. வைக்கோல் மூடி அங்கேயே கிடந்து, 1848 செப்டம்பர் வரை மெல்ல உருகி, குளத்துக்கே திரும்பியது. இதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். மதராஸ்காரர்கள் வால்டன் நீரைக் குடித்தார்களோ இல்லையோ, கீதை அங்கே போய்ச் சேர்ந்தது உறுதி.

தோரோ 1862இல் காசநோயில் இறந்தார், 44 வயது. இரண்டு வருடத்தில் ஹாத்தார்னும் போனார். எமர்சன் இருந்தார், நினைவு மெல்லத் தேய ஆரம்பித்திருந்தது. 1872 ஜூலையில் ஒரு விடிகாலை அவர் வீடு தீப்பிடித்தது. அக்கம்பக்கத்தவர்கள் ஓடிவந்து புத்தகங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் ஜன்னல் வழியாக வெளியே எடுத்துப் போட்டார்கள். கூரை போய்விட்டது. நண்பர்கள் பணம் திரட்டி, திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லி, அவரையும் மகளையும் ஐரோப்பாவுக்கும் எகிப்துக்கும் அனுப்பிவைத்தார்கள். 1873 மே மாதம் ரயில் கான்கார்ட் நிலையத்துக்குள் வரும்போது ஊரின் மணிகள் அடித்தன. பாண்டு வாத்தியத்தோடு பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக அவரை வீடுவரை அழைத்துப் போனார்கள். வீட்டைப் பழையபடியே கட்டி முடித்திருந்தார்கள். படிப்பறைக்குள் போனால், புத்தகங்கள் அவர் வைத்திருந்த அதே அலமாரியில், அதே இடத்தில் இருந்தன.